குளத்தை அளந்த பின்னரே வயல்

காலபோக அறுவடை ஓய்ந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நாள்களிலே, அக்கராயன் குளத்துக் கமக்காரரின் மனத்தில் ஒரே கேள்விதான் நிற்கும். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு? முறிகண்டியிலிருந்து ஜெயபுரம் செல்லும் வீதிவழியே வருபவர் எவராயினும், குளக்கட்டில் ஏறி நீர்மட்டத்தை ஒருமுறை பாராமற் போவதில்லை. அக்கராயன் என்னும் சிற்றரசன் பெயரால் இவ்வூர் வழங்குகின்றது என்பது மக்கள் வழக்கு. அரசன் மறைந்தான், அவன் பெயரை இன்றும் தாங்கி நிற்பது நீர்தான்.

சித்திரைக்கு முன்னர்ச் சிறுபோகத்துக்கான கூட்டம் கூடும். அரசாங்க உத்தியோகத்தர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்பினர் யாவரும் ஓரிடத்தில் இருப்பர். அங்கு முதலில் பேசப்படுவது நெல்லின் விலையன்று, விளைச்சலின் இலக்குமன்று. குளத்தில் நிற்கும் நீரின் அளவே முதலில் வாசிக்கப்படும். அதனை அறிந்த பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் விடுவது என்பன தீர்மானமாகும். நீர் குறைந்த ஆண்டிலே முழு வயலும் விதைக்கப்படுவதில்லை. ஒரு பகுதியைத் தெரிந்து, அதனையே பலரும் பங்கிட்டுச் செய்வர். கூட்டத்திலே சச்சரவு உண்டு. உரத்த குரல் உண்டு. மனத்தாங்கலோடு எழுந்து போவோரும் உண்டு. ஆயினும் முதலில் நீர், பின்னர் நிலம் என்ற ஒழுங்கை மட்டும் எவரும் மறுப்பதில்லை.

இவ்வொழுங்கு தலைகீழானால் யாது நேரும்? முதலில் நிலத்தையும் விளைச்சலையும் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ப நீரைக் கொணர்க என்று ஓர் அரசு கட்டளையிட்டால் என்னாகும்? இக்கேள்விக்கு விடை காண நாம் இமயத்துக்கும் அப்பால், ஒரு காலத்தில் சோவியத்து ஒன்றியத்தின் தென்பகுதியாக விளங்கிய மத்திய ஆசியாவுக்குச் செல்லவேண்டும்.

புத்தகத்தில் அறிந்த நாடு

அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகத்தார் மலிவு விலையில் அனுப்பிய தமிழ் நூல்களை ஒரு தலைமுறை வாசகர் விரும்பிப் படித்தனர். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வையும் 'முதல் ஆசிரிய'ரையும் படித்தவர்களுக்கு அம்மலைநாட்டின் புல்வெளியும் குதிரைகளும் கண்ணாற் கண்டவை போலவே தோன்றும். பள்ளிக்கூடமே அறியாத ஊருக்கு ஓர் ஆசிரியன் எழுத்தைக் கொண்டுவந்த கதை, குடியேற்றக் கிராமங்களிலே கொட்டிற் பள்ளிக்கூடம் அமைத்த நம் ஆசிரியருக்கு அயலார் கதையாகவா இருந்திருக்கும்?

சோவியத்து ஒன்றியம் ஏறக்குறைய 2 கோடியே 24 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையதாய், உலகத் தரையில் ஆறிலொரு பங்கைத் தன்னுள் அடக்கி நின்றது. அது 1991 ஆம் ஆண்டில் கலைந்தபோது, அதன் தெற்கே கஸக்கிஸ்தான், உஸ்பெக்கிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் என ஐந்து தனிநாடுகள் எழுந்தன. அவற்றுள் கஸக்கிஸ்தான் மட்டுமே 27 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது; கடற்கரையில்லா நாடுகளுள் உலகிற் பெரியது.

இப்பெருநிலத்தின் இயல்பை ஆறுகளைக் கொண்டு அறியலாம். வடக்கே சைபீரியாவில் ஓப், யெனிசி, லேனா என்னும் பேராறுகள் மக்கள் நிறைந்த தெற்கை விட்டு, உறைபனி சூழ்ந்த வடகடலை நோக்கி ஓடுகின்றன. தெற்கே வெப்பமும் வளமண்ணும் உண்டு, மழையில்லை. பாமிர் மலையிலும் தியென்சான் மலையிலும் உருகும் பனியே அங்குள்ள பாலைநிலத்துக்கு உயிர். அப்பனிநீரைச் சுமந்து வருபவை அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரண்டு ஆறுகள். இவை எந்தப் பெருங்கடலையும் அடைவதில்லை. நடுப்பாலையிலே ஆரல் கடல் என்னும் உள்நாட்டு நீர்ப்பரப்பிற் சென்று அடங்கி வந்தன.

1960 ஆம் ஆண்டளவில் ஆரல் கடலின் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவு முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றரே. அதாவது, இலங்கையை முழுதாகத் தூக்கி வைத்தாலும் அதனுள் அமிழ்ந்துவிடும். உலக ஏரிகளுள் நான்காவது பெரியதாக அது எண்ணப்பட்டது.

நீரின் தலைவன்

மழையில்லா நிலத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? சமர்க்கந்து, புகாரா, கோரெஸ்ம் என வரலாற்றிற் புகழ்பெற்ற நகரங்களும் நாடுகளும் அந்நிலத்தின் ஆறுகளை அண்டியே செழித்தன. ஆற்றிலிருந்து சிறுசிறு வாய்க்கால்களைப் பிரித்து வயலுக்கும் தோட்டத்துக்கும் தெருவோர மரத்துக்கும் நீர் விட்டனர். அவ்வாய்க்காலை 'ஆரிக்' என்பர். அந்நீரைப் பங்கிடும் அலுவலனுக்கு 'மிராப்' என்று பெயர்; நீரின் தலைவன் என்பது அதன் பொருள். எவருடைய முறை எந்நேரத்தில் வரும், எவன் தன் முறைக்கு மிஞ்சி மடை திறந்தான், வாய்க்கால் வெட்டும் வேலைக்கு எந்த வீட்டார் ஆள் அனுப்பவில்லை என்பனவெல்லாம் அவன் அறிந்தவை.

இதனைப் படிக்கும் வன்னியாருக்கு வட்டவிதானை நினைவுக்கு வராமற் போகார். பாமிர் மலையடிவாரமும் அக்கராயன் காடும் ஒன்றையொன்று கண்டவையல்ல. ஒன்று பனியை நம்பியது. மற்றையது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. ஆயினும் நீர் அரிதான இரு நிலங்களும் ஒரே வகையான மனிதனைத் தேடிக் கண்டெடுத்தன. இவ்வாறு பிறந்த வழமைகளுக்கு நாட்டின் சட்டத்திலும் இடமுண்டு. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், கமக்காரரின் பழைய நீர் வழமைகளை ஏற்று, அவற்றுக்கு உயிரூட்டவே பிறந்தது.

நிலத்தின் தோற்றமும் மக்களின் வழமையும் பல நூற்றாண்டுகள் இணங்கி வாழ்ந்த இடத்திலே, மூன்றாவதான வளம் என்பது புகுந்தபோதுதான் கதை மாறிற்று. அவ்வளத்தின் பெயர் பருத்தி.

வெண்தங்கம்

உருசியப் பேரரசின் நெசவாலைகள் அமெரிக்கப் பருத்தியை நம்பியிருந்தன. 1861 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பருத்தி வரவு தடைப்பட்டது. 1865 இல் உருசியப் படை தாஷ்கந்து நகரைக் கைப்பற்றிற்று. படையெடுப்புக்குப் பருத்தி ஒன்றே காரணமென்று சொல்லுதல் மிகையாகும். ஆயினும் கைப்பற்றிய நிலத்திலே பேரரசு விரைவில் நாடியது பருத்தியையே. 1917 ஆம் ஆண்டுப் புரட்சி அரசனை அகற்றியது; பருத்தியை அகற்றவில்லை. 1918 இலேயே துருக்கிஸ்தான் நிலத்துக்கு நீர்ப்பாசனம் செய்வதற்கான ஆணையில் லெனின் ஒப்பமிட்டார். பருத்தி பின்னர் 'வெண்தங்கம்' எனப் போற்றப்பட்டது.

1954 ஆம் ஆண்டில் காரகும் பாலைநிலத்தின் ஊடே ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினர். காலப்போக்கில் அது 1,300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. அமு தாரியாவின் நீரைத் துர்க்மெனிய மணலுக்குக் கொண்டு சென்ற அக்கால்வாயின் பெரும்பகுதி, அடியில் பூச்சு எதுவுமில்லாத வெறும் மண் வாய்க்கால். ஓடிய நீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிற்று. ஒரு பங்கு வெயிலில் ஆவியாயிற்று. இரண்டு ஆறுகளின் வடிநிலத்திலும் 1960 அளவில் சுமார் 45 இலட்சம் ஹெக்டேயராக இருந்த பாசன நிலம், 1990 அளவில் 70 இலட்சத்தையும் தாண்டியது.

இங்கேதான் நமது சிறுபோகக் கூட்டம் தலைகீழாகிறது. இவ்வாண்டு இத்தனை தொன் பருத்தி என்ற இலக்கு மாஸ்கோவில் எழுதப்பட்டது. இலக்கு குடியரசுக்கு வந்தது, குடியரசிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து கூட்டுப்பண்ணைக்கு. பண்ணையார் இலக்கைப் பார்த்து நிலத்தை விரித்தனர். நிலத்தைப் பார்த்து ஆற்றைத் திறந்தனர். ஆற்றில் எவ்வளவு நீர் உண்டு என்று கேட்கும் இடத்தில் மிராப் இருக்கவில்லை. கடலைச் சேரும் நீர் வீணே போகின்ற நீர் என்பதே திட்டமிட்டோர் கருத்து. கடல் சுருங்கும் என்பதை அவர்கள் அறியாமலில்லை. பருத்தியின் பெறுமதி மீனின் பெறுமதியிலும் பெரிது என்று கணக்கிட்டனர்.

கணக்கு ஒருவகையிற் சரியே. பருத்தி விளைந்தது. ஆனாற் கணக்கில் எழுதப்படாதவை பல. ஆரல் கடல் ஆண்டுக்கு ஆண்டு வற்றி, 1980களின் பிற்பகுதியில் வடகடல், தென்கடல் என இரண்டாகப் பிளந்தது. நீர் குறையக் குறைய உப்புச் செறிந்து மீன்கள் மடிந்தன. 1950களில் ஆண்டுக்கு 40,000 தொன்னுக்கு மேல் மீன் பிடித்த மக்களுக்கு, 1980களின் தொடக்கத்தில் அத்தொழிலே இல்லாதொழிந்தது. காரகல்பாக்கு நாட்டின் மொய்னாக் என்னும் துறைமுக ஊரிலிருந்து கரை பல கல் தூரம் விலகிப் போயிற்று. அங்குள்ள மீன் தகரத் தொழிற்சாலைக்கு வேலை கொடுப்பதற்காகத் தொலைதூரப் பெருங்கடல்களிலிருந்து மீன் கொண்டுவந்தனர். நீரில்லாத மணலிலே துருவேறிக் கிடக்கும் கப்பல்களின் படம் உலகெங்கும் பரவியது. வற்றிய அடித்தரையிலிருந்து உப்பும் வயலிலிருந்து வந்து தேங்கிய நஞ்சும் கலந்த புழுதி எழுந்து ஊர்களின் மீது வீசியது. மூச்சு நோயும் குடிநீர்க் கேடும் அம்மக்களுக்கு மிஞ்சின.

ஆசிரியரும் மாணவரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலையுதிர் காலத்தில் உஸ்பெக்கிஸ்தானின் பள்ளிக்கூடங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் மாணவரையும் ஆசிரியரையும் பருத்தி பறிக்க அனுப்பினர். சோவியத்து ஆட்சி மறைந்து தனிநாடான பின்னரும் இவ்வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. இலக்கை எட்ட இயலாதபோது தாளிலே எட்டினர். 1980களில் வெளிப்பட்ட உஸ்பெக் பருத்தி ஊழலில், விளையாத பருத்தி விளைந்ததாக ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டு வந்தமை தெரியவந்தது. நிலம் பொய் சொல்லாது. இலக்குக்கு அஞ்சிய மனிதர் சொல்லினர்.

நன்மையும் உண்டு

நடுநிலை தவறாது ஒன்று கூறவேண்டும். சோவியத்து ஆட்சியில் மத்திய ஆசியா பெற்றவை சிறியவையல்ல. எழுத்தறிந்தவர் மிகச் சிலராயிருந்த நாட்டில் எழுத்தறிவு ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாயிற்று. பெண்கள் கல்வி கற்று மருத்துவராயினர், ஆசிரியராயினர். மருத்துவமனையும் மின்சாரமும் மலையூர்களை எட்டின. ஐத்மாத்தவ் போன்ற எழுத்தாளர் உலகறிய எழுந்ததும் அச்சூழலிலேதான். ஆனால் அதே ஆட்சியிலே, 1930 முதல் 1933 வரை, மந்தை மேய்த்து அலைந்து வாழ்ந்த கஸக் மக்களை வலிந்து ஓரிடத்தில் இருத்தி, மந்தைகளையும் பறித்தமையால் விளைந்த பஞ்சத்திலே ஏறக்குறைய 15 இலட்சம் மக்கள் மாண்டனர். புல்வெளியிலே மனிதன் ஏன் அலைந்தான் என்பதற்கு நிலத்தில் ஒரு காரணம் இருந்தது. ஓரிடத்துப் புல் ஆண்டு முழுவதும் மந்தைக்குப் போதாது. அந்தக் காரணத்தைப் பின்தங்கிய பழக்கம் என்று எண்ணியவர்கள், பழக்கத்தோடு மனிதரையும் இழந்தனர்.

ஆதலின் புவியியலே விதி என்று நாம் முடிவு கட்டலாகாது. அதே பனி, அதே ஆறு, அதே மணல் பல நூற்றாண்டுகள் அங்கிருந்தன, கடலும் இருந்தது. புவியியல் ஓர் எல்லையைக் காட்டுகிறது. அவ்வெல்லையை நினைவில் வைத்திருப்பது மக்களின் பண்பாடு. எல்லையை மறக்கச் செய்வது வளத்தின் மீது எழும் ஆசை. மறதி ஓர் அரசின் கட்டளையாகும்போது, கடலும் வற்றும்.

1991 க்குப் பின்னர் மற்றொரு சிக்கல் எழுந்தது. மலைநாடுகளான கிர்கிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் தொக்தொகுல், நூரெக் முதலிய பேரணைகள் உள்ளன. ஒன்றியம் நிலவிய காலத்தில், கோடையிலே கீழ்நிலத்துப் பருத்திக்கு மேல்நாடுகள் நீர் விட்டன; குளிர்காலத்துக்கு வேண்டிய எரிபொருளைக் கீழ்நாடுகள் தந்தன. தனிநாடுகளானதும் அவ்வேற்பாடு குலைந்தது. எரிபொருளுக்கு விலை கேட்டனர். மேல்நாடுகளோ நீரைக் கோடையில் தேக்கி, குளிர்காலத்தில் மின்சாரத்துக்காகத் திறந்தன, கீழ்வயல் காய்ந்தது. மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள வழக்கு, நாடுகளின் வழக்காயிற்று. 2022 முதல் ஆப்கானிஸ்தானும் அமு தாரியாவிலிருந்து கோஷ் தெப்பா என்னும் பெருங்கால்வாயை வெட்டி வருகின்றது. நீர் கேட்கும் கை இன்னும் ஒன்று கூடியிருக்கிறது.

நம்பிக்கை தருவதும் ஒன்றுண்டு. கஸக்கிஸ்தான், உலக வங்கியின் உதவியோடு, 2005 ஆம் ஆண்டில் கோக்காரல் என்னுமிடத்தில் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீள அணையொன்றைக் கட்டி முடித்தது. சிர் தாரியாவின் நீர் தெற்கே ஓடிப் பரந்து ஆவியாகாமல் வடகடலிலே தேங்கிற்று. நீர்மட்டம் உயர்ந்தது, உப்புத் தணிந்தது, மீன் திரும்பி வந்தது, மீனவரும் வந்தனர். பார்த்தால் அது நம் குளக்கட்டுப் போன்ற ஒரு கட்டுத்தான். ஆயினும் அது வடபாதியை மாத்திரமே காத்தது. தென்கடலின் கிழக்குப் பகுதி 2014 இல் முற்றாக வற்றியது. உஸ்பெக்கிஸ்தான் 2020 இல் பருத்திக்கான அரச இலக்கை நீக்கியது. வற்றிய அடித்தரையிலே புழுதியை அடக்கச் சாக்சால் மரங்களை நட்டு வருகின்றது. இழந்ததில் ஒரு பங்கைத்தான் மீட்கலாம்.

மீண்டும் குளக்கட்டில்

இனி அக்கராயனுக்குத் திரும்புவோம். வன்னியும் பரந்த நிலம். மக்கள் குறைந்த நிலம். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய காட்டினிடையே பழைய குளங்கள் பல தூர்ந்து கிடந்தன. இருபதாம் நூற்றாண்டிலே குளங்கள் திருத்தப்பட்டன. குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியில்லாதோர் வந்தனர்; இனக்கலவரங்களின் பின்னர் மலையகத்திலிருந்து உயிர் தப்பியோர் வந்தனர். 2008 ஆம் ஆண்டுப் போரிலே இவ்வூர் மக்கள் யாவற்றையும் விட்டுப் பெயர்ந்தனர், பின்னர் மீண்டனர். மீண்டவர் காடேறிக் கிடந்த வயல்களையும் தூர்ந்த வாய்க்கால்களையும் திருத்தி மறுபடியும் விதைத்தனர். கட்டும் துருசும் வாய்க்காலும் இருந்தால் வாழ்வைத் திரும்பக் கட்டலாம் என்பதை அவர்கள் அறிவர்.

நமக்கும் சோதனைகள் உள. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை; சுண்ணக்கல்லின் அடியில் நிற்கும் மழைநீரே கிணற்றுநீர். அங்குள்ள தாகமும் மெய். இரணைமடுவை நம்பிய கமக்காரரின் அச்சமும் மெய். இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டு செல்லும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை அவ்வழக்கின் ஒரு முடிச்சைத் தளர்த்தியது. வழக்கு முற்றாகத் தீர்ந்ததென்று கூறுவதற்கில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குத் தரும் பெருங்கனவு, அதுவும் முற்றுப்பெறவில்லை. ஆற்று மணலை அள்ளுவோர் ஆற்றின் வயிற்றை அள்ளுகின்றனர் என்பதை வன்னியிலே பலமுறை கண்டுள்ளோம்.

நாமும் அடிக்கடி ஒரு வார்த்தையைச் சொல்லுகிறோம்: மழைநீர் கடலிலே வீணாய்க் கலக்கிறது! வானத்து நீரில் ஒரு துளியும் மனிதருக்குப் பயன்படாது கடலைச் சேரலாகாது என்று பராக்கிரமபாகு மன்னன் கூறியதாக நூல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னன் குளம் கட்டுதற்குச் சொன்ன வார்த்தை அது. தேக்கும் வலிமை சிறிதாயிருந்த காலத்து வார்த்தை. இயந்திரங்களால் மலையையும் குடையவல்ல காலத்தில் அதே வார்த்தை ஆரல் கடலை வற்றச் செய்தது. அக்கராயன் ஆறு சென்று கலக்கும் கடனீரேரியிலே இறாலும் மீனும் வளர்வதற்கு நன்னீர் வேண்டும். குளம் வான் பாய்ந்து கழியும் நீர் மீனவனுக்கு வரும் பங்கு. ஆயின் நம் சிறுபோகக் கூட்டத்திலே அவனுக்கு நாற்காலி உண்டா? காணியில்லாக் கூலியாளுக்கு உண்டா? காட்டுக் கரையிலே நீர் தேடி வரும் யானைக்காகப் பேசுவோர் உண்டா? மொய்னாக் மீனவனுக்கு மாஸ்கோவிலே நாற்காலி இருக்கவில்லை. அதுவே அவன் கடலை இழந்த கதையின் தொடக்கம்.

ஆதலின் நமது கூட்டம் குறையற்றதென்று பெருமை பேசவேண்டியதில்லை. அதனை விரிவாக்க வேண்டும். வயலுக்கு நீர் கேட்போரோடு குடிக்க நீர் கேட்போரும், கடனீரேரியிலே வலை வீசுவோரும் அங்கே இருந்து, குளத்து நீரின் அளவை ஒன்றாகக் கேட்கவேண்டும். நீர் போதாதெனில் போதாமையையும் பங்கிடவேண்டும். அது எளிதன்று, மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றும் முடிவு காணாத வேலை அது. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஒரு பகலிலே ஒரே கொட்டகையின் கீழ் எல்லோரும் வந்து கூடக்கூடிய அளவுதான் நமது நிலம்.

ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்யலாம். வகுப்பறையிலே ஆரல் கடலின் 1960 ஆம் ஆண்டுப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே தொங்கவிட்டு, பாடம் முடிந்ததும் மாணவரைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுக. நீர்மட்டம் எத்தனை அடி என்று அவர்களே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த பங்குனியிலும் வந்து பார்க்கட்டும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற கேள்வி அதற்குப் பின்னர் எழட்டும்.